ஹார்லி டூரிங் வண்டிக்கு நீட்டிய சேடில்பேக் வாங்குவது எப்படி?

ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தின் டூரிங் வரிசையில் வரும் ஸ்ட்ரீட் கிளைடு, ரோடு கிளைடு, ரோடு கிங், எலக்ட்ரா கிளைடு போன்ற வண்டிகளில், பின்சக்கரத்தின் இரு பக்கமும் பூட்டும் மூடியும் கொண்ட கெட்டியான பெட்டிகள் தொங்கும். இவற்றைத்தான் சேடில்பேக் என்கிறார்கள். இவை இருப்பதாலேயே அந்த வண்டிகளுக்கு அமெரிக்காவில் 'பேகர்' என்று பெயர். கம்பெனிப் பெட்டியின் அடிப்பகுதி சைலன்சருக்கு மேலேயே நின்றுவிடும். அதைக் கீழ்நோக்கியும் பின்நோக்கியும் சில அங்குலம் இழுத்து, சைலன்சரின் பெரும்பகுதியை மறைத்து, டேங்கில் தொடங்கும் கோடு தடைபடாமல் வால் வரைக்கும் இறங்கும்படி செய்தால் அது நீட்டிய சேடில்பேக். நீண்டு தாழ்ந்த வண்டிகளுக்குப் பெயர் பெற்ற கலிஃபோர்னியாவின் ஆர்லன் நெஸ் போன்ற கஸ்டம் வண்டிக் கலைஞர்களின் பட்டறைகளில் வளர்ந்த இந்தத் தோற்றத்தைப் பிற்பாடு கம்பெனியே ஏற்றுக்கொண்டது. 2017 மாடலாக வந்த ரோடு கிங் ஸ்பெஷல், நீட்டிய பெட்டிகளோடுதான் ஷோரூமில் நின்றது.

முதல் முறையாக வெளிச்சந்தையில், அதாவது ஹார்லி அல்லாத தயாரிப்பாளர்களிடம், ஒரு ஜோடி வாங்க நினைப்பவர்கள், பெரும்பாலும் படத்தைப் பார்த்து நீளத்தை முடிவு செய்துவிட்டு, பிறகே அது தம் வண்டியில் உட்காருமா என்று விசாரிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். வண்டியின் ஆண்டு, சைலன்சரின் அமைப்பு, ஆள் ஏறிச் சுமை வைத்த பிறகு வால் நுனிக்கும் தரைக்கும் மிஞ்சும் இடைவெளி ஆகிய மூன்றும் எவ்வளவு இடம் விடுகின்றனவோ, அதற்குள் மட்டுமே அழகைப் பற்றிப் பேச முடியும். பொருள், மூடி, பெயிண்டு எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிடலாம். பெட்டி நீண்டால் சாமான் வைக்கும் இடமும் அந்த அளவுக்குக் கூடும் என்பது உண்மையில்லை. கூடுதலாக இழுக்கப்பட்ட பகுதி வால் நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். சைலன்சருக்காக அடியில் வெட்டு விட்டிருந்தால் உட்புறத் தரையும் மேடு பள்ளமாக இருக்கும். மழைக்கோட்டைச் சுருட்டித் திணிக்கலாம், ஹெல்மெட்டை வைக்க முடியாது. நீண்ட பயணத்தில் சாமான் ஏற்றுவதுதான் நோக்கமென்றால் இந்தச் செலவு தேவையே இல்லை. இது தோற்றத்துக்காகச் செய்யும் செலவு என்று ஒப்புக்கொண்டு இறங்குபவருக்கே மேற்கொண்டு சொல்பவை பயன்படும்.

முதல் படி: ஆண்டும் மாடலும்

டூரிங் வண்டிகளின் பெட்டிகள் தூரத்திலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரிந்தாலும் அவற்றுக்குள் பல தலைமுறைகள் உண்டு. 2009 மாடலில் ஃபிரேம் புதிதாக வடிவமைக்கப்பட்டு, பின் டயரும் 180 மில்லிமீட்டர் அகலத்துக்கு மாறியது. ஆகவே அதற்கு முந்தைய வண்டிகளுக்கான பின்பாகங்களை அதன் பிறகு வந்தவற்றில் கண்ணை மூடிக்கொண்டு மாட்ட முடியாது. 2014 மாடலில் 'ரஷ்மோர்' என்ற திட்டத்தின் கீழ் பெட்டி, மூடி, பூட்டு மூன்றும் மாறின. பழைய பெட்டியில் வெளிப்பக்கத்துப் பிடியை இழுத்துத் திறக்க வேண்டும். புதியதில் சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் நெம்பித் திறந்துவிடலாம். எனவே 2013 வண்டியின் மூடி 2014 வண்டியின் பெட்டியில் உட்காராது. பிறகு 2023-இல் சிவிஓ எனப்படும் விலையுயர்ந்த சிறப்பு வகைகளும், 2024-இல் வழக்கமான ஸ்ட்ரீட் கிளைடும் ரோடு கிளைடும் புது உருவம் பெற்றன. ஆனால் அதே 2024-இல் ரோடு கிங் ஸ்பெஷல் பழைய உடலோடே விற்பனையில் இருந்தது. ஆண்டை மட்டும் சொன்னால் போதாது, மாடலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும். புதிய உருவ வண்டி வைத்திருப்பவர்கள், விற்பவர் அந்த மாடலின் பெயரையே எழுதிப் பொருந்தும் என்று உறுதி தந்தாலன்றி வாங்கக் கூடாது.

பழைய வண்டியைக் கைமாற்றி வாங்கியவர்கள், முன்னவர் சொன்ன ஆண்டை நம்புவதைவிட வண்டியின் அடையாள எண்ணான விஐஎன் எண்ணைப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவில் விற்கப்பட்ட வண்டிகளில் அந்த 17 இலக்கத் தொடரின் 10-ஆவது இடம் மாடல் ஆண்டைக் குறிக்கும்: 9 என்றால் 2009, ஏ என்றால் 2010, ஈ என்றால் 2014, ஹெச் என்றால் 2017, ஆர் என்றால் 2024. எண் சரியாக இருந்தாலும், முந்தைய உரிமையாளர் பின் மட்கார்டையோ பெட்டியைத் தாங்கும் கம்பிகளையோ மாற்றியிருக்கக்கூடும் என்பதால், வண்டியின் பின்புறத்தைப் பக்கவாட்டிலிருந்தும் நேர் பின்னாலிருந்தும் படம் எடுத்து விற்பவருக்கு அனுப்பிவிட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி: சைலன்சர்

நீட்டிய பெட்டியின் கீழ்ப்பகுதி சைலன்சர் இருக்கும் இடத்துக்கே இறங்கி வருவதால், அதற்கு வழிவிட அடிப்பகுதியில் ஒரு வளைந்த வெட்டு வைப்பார்கள். விற்பவர்கள் பொதுவாக இரு பக்கமும் வெட்டு உள்ளவை, வலப்பக்கம் மட்டும் வெட்டு உள்ளவை, வெட்டே இல்லாதவை என்று மூன்று வகைகளாகத் தருகிறார்கள். கம்பெனியிலிருந்து வரும் டூரிங் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு சைலன்சர் இருப்பதால், அவற்றுக்கு இரு பக்க வெட்டு வேண்டும். இரண்டு சிலிண்டரின் புகையையும் ஒரே குழாயில் சேர்த்து வலப்பக்கமாக வெளியேற்றும் அமைப்பை மாட்டியிருந்தால், வலப்பக்கம் வெட்டும் இடப்பக்கம் முழுமையும் உள்ள ஜோடியே பார்க்க நன்றாக இருக்கும். வெட்டே இல்லாத வகை, பெட்டிக்கு முன்பாகவே முடிந்து கீழ்நோக்கித் திரும்பும் குட்டைக் குழாய்களுக்கானது.

இதனால் சைலன்சரை மாற்றும் எண்ணம் இருந்தால் அதை முதலில் செய்து முடிக்க வேண்டும். இன்று இரு பக்க வெட்டு வைத்து வாங்கிவிட்டு, அடுத்த ஆண்டு ஒரே குழாய் அமைப்புக்கு மாறினால், இடப்பக்கத்தில் ஒன்றுமில்லாத ஒரு குழி திறந்து கிடக்கும். அதை அடைத்துப் பெயிண்டு அடிக்க ஆகும் செலவு, முதலிலேயே சரியானதை வாங்கியிருந்தால் ஆகாதது. சைலன்சரின் விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். 4 அங்குலக் குழாய்க்குச் செய்த வெட்டில் 4.5 அங்குலக் குழாய் நுழைந்தாலும் காற்றுக்கு இடமிருக்காது. பெட்டியின் எந்தப் பகுதியும் சைலன்சரிலிருந்து குறைந்தது அரை அங்குலமாவது விலகியிருக்க வேண்டும். ஓர் அங்குலம் இருந்தால் நிம்மதி. போக்குவரத்து நெரிசலில் வண்டி நின்று நின்று போகும்போதுதான் குழாயின் சூடு மேலே ஏறும். முதலில் பெயிண்டு கொப்புளிக்கும், பிறகு பிளாஸ்டிக்காக இருந்தால் வளையும், ஃபைபராக இருந்தால் நாரைப் பிணைக்கும் பசையான ரெசின் பழுத்து நிறம் மாறும். வெட்டின் உட்புறத்தில் ஒட்டும் அலுமினியத் தகட்டுத் தாள் சூட்டை ஓரளவுக்குத் தடுக்கும் என்றாலும், இடைவெளி இல்லாத குறையை அது ஈடுசெய்யாது.

மூன்றாம் படி: தரையிலிருந்து எவ்வளவு உயரம்

புதியவர்கள் அதிகம் அலட்சியப்படுத்துவது இதைத்தான், பிறகு அதிகம் வருந்துவதும் இதற்காகத்தான். பெட்டிகள் ஃபிரேமில் தொங்குகின்றனவேயன்றிச் சக்கரத்தின் அச்சில் அல்ல. ஆள் ஏறியதும் ஷாக் அப்சார்பர், சுருக்கமாக ஷாக், அமுங்கும். ஷாக் அமுங்கினால் ஃபிரேமும் அதனுடன் பெட்டியும் தரையை நோக்கி இறங்கும். நின்றுகொண்டிருக்கும் காலி வண்டியில் அளந்த உயரத்துக்கு ஆகவே பெரிய மதிப்பில்லை. மேலும், பெட்டியின் வால் பின் அச்சுக்கும் பின்னால் நீண்டிருப்பதால், அச்சு இருக்கும் இடத்தில் ஃபிரேம் இறங்குவதைவிட வால் நுனி சற்று அதிகமாகவே இறங்கும். டூரிங் வண்டியின் இரு அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் சுமார் 1,625 மில்லிமீட்டர். வால் நுனி அச்சுக்குப் பின்னால் 350 முதல் 400 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று கொண்டால், ஷாக் பக்கத்தில் ஓர் அங்குலம் அமுங்கும்போது நுனி ஏறத்தாழ 1.2 அங்குலம் இறங்கும்.

அளக்கும் முறை எளிது. ஜாக்கியில் வண்டியைத் தூக்கிப் பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும் நிலையில், அச்சின் மையத்திலிருந்து நேர் மேலே பெட்டியில் ஒட்டிய ஒரு டேப் குறி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு வண்டியை இறக்கி, வழக்கமாக ஏற்றும் சாமானை வைத்து, நீங்களும் பின்னால் உட்காருபவரும் ஏறியபின் இன்னொருவரைக் கொண்டு அதே தூரத்தை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே சுமையால் அமுங்கிய அளவு. பின்சக்கரத்தின் மொத்த அசைவு எவ்வளவு என்பது உரிமையாளர் கையேட்டில் இருக்கும். அதிலிருந்து இதைக் கழித்தால் மிச்சமிருக்கும் அசைவு வந்துவிடும். எடுத்துக்காட்டாக, மொத்தம் 3 அங்குலம் அசையும் வண்டியில் இருவர் ஏறியதும் 1.25 அங்குலம் அமுங்கினால், மிச்சம் 1.75, அதை 1.2 ஆல் பெருக்கினால் 2.1. சுமையோடு நிற்கும்போது புதுப் பெட்டியின் நுனி தரையிலிருந்து 6 அங்குலத்தில் இருந்தாலும், பெரிய குழியில் இறங்கும் கணத்தில் அது 4 அங்குலத்துக்கும் கீழே வந்துவிடும் என்பது இந்தக் கணக்கின் பொருள். ஸ்ட்ரீட் கிளைடுகளில் ஷாக்கின் நீளமே மற்ற டூரிங் வண்டிகளைவிடக் குறைவு. பொதுவாக அதில் 12 அங்குல ஷாக், ரோடு கிங்கிலும் எலக்ட்ரா கிளைடு அல்ட்ராவிலும் 13 அங்குலம். நீளப் பெட்டி வேண்டுமென்று பிடிவாதமாக இருக்கும் ஸ்ட்ரீட் கிளைடு உரிமையாளருக்கு, முதலில் ஷாக்கை மாற்றுங்கள் என்பதே சரியான பதில்.

எண்களை மட்டும் நம்பாமல் கண்ணாலும் பார்த்துவிடலாம். வாங்க நினைக்கும் பெட்டியின் அளவுகளை விற்பவரிடம் கேட்டு வாங்கி, கெட்டி அட்டையில் அந்த வால் வடிவத்தை வெட்டி, இப்போதிருக்கும் பெட்டியின் அடியில் டேப் போட்டு ஒட்டுங்கள். அப்படியே உங்கள் வீட்டு வாசல் சரிவில் மெதுவாக இறக்குங்கள், ஏற்றுங்கள். வழக்கமாக நிறுத்தும் இடத்தில் சைடு ஸ்டாண்டு போட்டுச் சாய்த்து நிறுத்துங்கள். சரிவு முடிந்து தெரு தொடங்கும் மடிப்பில் அட்டையின் கீழ் ஓரம் சிமெண்டில் உரசி மடங்கியிருந்தால், நாளை அதே இடத்தில் பெயிண்டு உரியும். டிரெய்லரில் வண்டியை ஏற்றி ஸ்டர்ஜிஸ், டேட்டோனா போன்ற அமெரிக்க பைக் திருவிழாக்களுக்குக் கொண்டுபோகும் பழக்கம் உள்ளவர்கள் சாய்வுப் பலகையிலும் சோதிக்க வேண்டும். முன்சக்கரம் பலகையில் ஏறி, பின்சக்கரம் இன்னும் தரையில் இருக்கும் நிலையில்தான் வால் நுனி மிகவும் தாழ்ந்து நிற்கும்.

வளைவில் சாய்வதையும் மறக்கக் கூடாது. டூரிங் வண்டிகள் ஏறத்தாழ 30 டிகிரி சாய்ந்ததும் முதலில் தரையைத் தொடுவது ஓட்டுபவரின் கால்பலகை. அது கீலில் மேல்நோக்கி மடங்கிக்கொடுக்கும், சத்தத்தால் எச்சரிக்கவும் செய்யும். பெட்டியின் அடி ஓரம் அப்படி மடங்காது. அது முதலில் தரையைத் தொட்டால் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து நெம்பிவிடக்கூடும். ஆகவே டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து கால்பலகையின் வெளி ஓரத்துக்கு ஒரு நூல் பிடித்து, அந்தச் சாய்வு எத்தனை டிகிரி என்று குறித்துக்கொண்டு, அதே சாய்வில் பின் டயரிலிருந்து இழுத்த நூலுக்குப் பெட்டியின் அடி ஓரம் மேலேயே இருக்கிறதா என்று பாருங்கள். அகலமாக வெளியே விரியும் அடிப்பகுதி கொண்ட வடிவங்கள் இந்தச் சோதனையில்தான் அதிகம் தோற்கின்றன. 2020-இல் லகுனா செகா பந்தயத் தடத்தில் தொடங்கிய 'கிங் ஆஃப் த பேகர்ஸ்' போட்டியில் ஓடும் வண்டிகளைப் பார்த்தால், பெட்டிகளை உயர்த்தியும் ஒடுக்கியும் வைத்திருப்பார்கள். சாய வேண்டியவர்களுக்குத் தாழ்ந்த பெட்டி ஆகாது. வளைந்து வளைந்து போகும் மலைச்சாலைகளில் வேகமாக ஓட்டுவதே உங்களுக்குப் பிடித்தமென்றால், நீட்டிய பெட்டி உங்கள் வண்டிக்கு உரியதல்ல என்றே சொல்வேன்.

காற்றுப் பையால் இயங்கும் சஸ்பென்ஷன் மாட்டியவர்கள், காற்றை முழுவதும் இறக்கிய நிலையில் அளக்க வேண்டும். அந்த நிலையில் வழக்கமான சைடு ஸ்டாண்டு நீளம் மிஞ்சி, வண்டி போதுமான அளவு சாயாமல் நிமிர்ந்து நிற்கும்; யாராவது லேசாகத் தள்ளினாலும் வலப்பக்கம் சாய்ந்து புதுப் பெட்டியின் மேலேயே விழும். குட்டையான ஸ்டாண்டையும் அந்தச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் இத்தகைய வண்டி வைத்திருக்கும் சிலருக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் வேகத்தடைகளுக்கு ஒரே அளவு கிடையாது. அமெரிக்கச் சாலைகளை மனத்தில் வைத்துச் செய்த நீளங்கள் இங்கே முதல் வாரத்திலேயே அடிபடும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது என்பதால், வாங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதும் அவசியம். பெட்டி கனமில்லாவிட்டாலும் இடத்தை அடைப்பது. கூரியர் நிறுவனங்கள் பருமனைக் கணக்கிட்டே கட்டணம் வாங்குவதால், அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்து பெட்டியின் விலையைத் தாண்டிவிடவும் கூடும்.

நான்காம் படி: நீளம், மட்கார்டு, விளக்கு

இடைவெளி தெரிந்த பிறகு நீளம் தானாகவே முடிவாகிவிடும். சந்தையில் பரவலாகக் கிடைப்பவை 4, 5, 6 அங்குல நீட்டல்கள். முதல் முறை வாங்குபவருக்கு 4 அங்குலமே போதும் என்பது என் கருத்து. கம்பெனி மட்கார்டோடு அது ஓரளவுக்கு ஒட்டிப்போகும். அதற்கு மேல் போனால், பெட்டிகள் பின்னால் நீண்டுவிட நடுவில் மட்கார்டு மட்டும் குட்டையாக நிற்க, பின்னாலிருந்து பார்க்கும்போது டயரும் இடுக்குகளும் அப்பட்டமாகத் தெரியும். அதை மறைக்க நீண்ட மட்கார்டு, இடைவெளியை நிரப்பும் துண்டுகள், புது நம்பர் பிளேட் தாங்கி, புது விளக்குகள் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செலவு வரும். நீண்ட மட்கார்டு போட்டுவிட்டால் பின்சக்கரத்தைக் கழற்ற வண்டியை வழக்கத்தைவிட உயரமாகத் தூக்க வேண்டியிருக்கும். நெடுஞ்சாலையில் டயர் பஞ்சரானால் இது பெரிய தலைவலி. மட்கார்டையும் மாற்றுவது என்று முடிவு செய்தால், பெட்டியும் மட்கார்டும் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து ஒரே ஜோடியாக இருப்பதே நல்லது. ஒருவரின் வளைவு இன்னொருவரின் வளைவோடு இணையாக ஓடாது.

இண்டிகேட்டர்களை இடம் மாற்றும்போது, அமெரிக்காவின் கூட்டரசு வாகன விளக்கு விதியான எஃப்எம்விஎஸ்எஸ் 108-ஐ மனத்தில் வைக்க வேண்டும். பின் இண்டிகேட்டர் இரண்டின் மையங்களுக்கும் இடையே குறைந்தது 9 அங்குலம் இருக்க வேண்டும் என்கிறது அது. மட்கார்டுக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள துண்டில் பதிக்கும் மெல்லிய எல்இடி பட்டைகள் சிலவற்றில் இந்த அளவு கிடைப்பதில்லை. விதி ஒருபுறமிருக்க, பட்டப்பகலில் பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பது தெரிய வேண்டும்.

ஐந்தாம் படி: எதனால் ஆனது

ஃபைபர், வார்ப்பில் ஊற்றிய ஏபிஎஸ் பிளாஸ்டிக், வெற்றிடத்தால் இழுத்து வடித்த ஏபிஎஸ், கார்பன் ஃபைபர் என்று நான்கு வகைகள் கிடைக்கின்றன. கார்பனை விலையே பெரும்பாலானோருக்கு எட்டாமல் செய்துவிடும். வார்ப்பு ஏபிஎஸ் பெட்டிகள் கம்பெனிப் பெட்டிக்கு மிக அருகில் வருபவை: இடதும் வலதும் அச்சு மாறாமல் இருக்கும், பட்டி வேலை அதிகம் வேண்டாம், அடிபட்டால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வெற்றிட வடிப்பில் பிளாஸ்டிக் தாள் மூலைகளில் இழுபட்டு மெலிந்துவிடும், ஆகவே மூலைகள்தான் முதலில் விரியும். ஃபைபரின் பலம், வினோத வடிவங்கள் அதில்தான் கிடைக்கும் என்பதும், உடைந்தால் எந்தப் பட்டறையிலும் ஒட்டிச் சரிசெய்யலாம் என்பதும். பலவீனம், ஒரே கடையில் வாங்கிய இரண்டு ஜோடிகள்கூட ஒன்றுபோல இருக்காது என்பது.

ஃபைபர் பெட்டியை நேரில் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் மூடியைத் திறந்து உள்ளே ஒரு டார்ச்சை வைத்து, கடையின் விளக்கு மறையும்படி வெளியிலிருந்து பாருங்கள். வெளிச்சம் சீராக மங்கலாகத் தெரிந்தால் தடிமனும் சீராக இருக்கிறது. சில இடம் பளிச்சென்றும் சில இடம் கறுப்பாகவும் திட்டுத்திட்டாகத் தெரிந்தால், நாரும் ரெசினும் சமமாகப் பரவவில்லை. ஊசிமுனை அளவில் ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் அவை காற்றுக்குமிழிகள், பெயிண்டு அடித்து வெயிலில் நிறுத்திய முதல் கோடையில் கொப்புளமாக வெளிவரும். பிறகு பக்கவாட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். லேசாகக்கூட உள்வாங்கி 'டப்' என்று திரும்பி வந்தால், அந்தப் பெட்டி இன்ஜின் அதிர்விலேயே விரிசல் காணும். கடைசியாக, பெட்டியை வண்டியில் மாட்டும் இரண்டு துளைகளைச் சுற்றித் தடவிப் பாருங்கள்; அங்கே மட்டுமாவது கூடுதல் தடிப்போ உலோகத் தகடோ இருக்க வேண்டும், ஏனென்றால் முழுச் சுமையையும் தாங்குவது அந்த இடம்தான். இணையத்தில் வாங்குபவர்கள் இந்தச் சோதனைகளைச் செய்ய முடியாது என்பதால், பெயிண்டு அடிக்காத உட்புறத்தின் படங்களைக் கேட்டு வாங்க வேண்டும். அனுப்பத் தயங்கும் கடையை விட்டுவிடலாம்.

ஆறாம் படி: மூடியும் ஸ்பீக்கரும்

கம்பெனி மூடியையே ஏற்கும் அடிப்பெட்டிகள் தனியாகக் கிடைக்கின்றன. புதியவருக்கு அவையே சிறந்தவை. பூட்டும் சாவியும் மாறாது, ரப்பர் வளையம் ஏற்கெனவே படிந்திருக்கும், பெயிண்டு வேலையும் குறையும். ஸ்பீக்கர் வைத்த மூடி வேண்டுமென்றால் 6×9 அங்குல நீள்வட்ட வகையே பரவலானது. ஸ்பீக்கரின் காந்தப் பகுதி உள்ளே இறங்கி வருவதால் சாமான் வைக்கும் இடம் இன்னும் சுருங்கும். ஆம்பிளிஃபயருக்கும் எங்காவது இடம் தேட வேண்டும். பெட்டியைக் கழற்றும்போதெல்லாம் ஒயரை அறுக்காமல் இருக்க, கழற்றி மாட்டும் பிளக் ஒவ்வொரு பக்கமும் கட்டாயம் வேண்டும். உரிமையாளர் கையேட்டில் ஒவ்வொரு பெட்டிக்கும் எடை வரம்பு தந்திருப்பார்கள். ஸ்பீக்கரும் ஆம்பிளிஃபயரும் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டியவை.

ஏழாம் படி: பெயிண்டு

பிரைமர் மட்டும் பூசி வரும் பெட்டி மலிவாகத் தோன்றும். ஆனால் ஃபைபரைத் தேய்த்து, பட்டி வைத்து, மறுபடி தேய்த்து, பிரைமர், நிறம், கிளியர் என்று அடித்து முடிக்கும்போது பட்டறைக்காரர் கேட்கும் தொகை பல ஊர்களில் பெட்டியின் விலையைத் தொடும், சில சமயம் தாண்டும். எனவே விலையை ஒப்பிடும்போது பெயிண்டோடு சேர்த்தே ஒப்பிட வேண்டும். விவிட் பிளாக் எனப்படும் கறுப்பு வண்டிக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். நிறம் பொருத்திய பெட்டிகளை அப்படியே வாங்கி மாட்டலாம். மினுக்குத் துகள் கலந்த நிறங்களிலும், அடுக்கடுக்காக அடிக்கும் கேண்டி நிறங்களிலும், நிறத்தின் குறியீட்டு எண் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டு பட்டறைகளில் அடித்தவை வெயிலில் வேறு வேறாகத் தெரியும். வண்டி சில ஆண்டுகள் வெயிலில் நின்றதாக இருந்தால் டேங்கின் நிறமும் மங்கியிருக்கும். பக்க மூடி ஒன்றைக் கழற்றிப் பட்டறைக்குக் கொடுத்து, அதைப் பார்த்து நிறம் கலக்கச் சொல்வதே நம்பகமான வழி. ஏபிஎஸ் பெட்டியானால், பெயிண்டு ஒட்டுவதற்கான பிளாஸ்டிக் பிரைமரை அடிப்பார்களா என்று கேளுங்கள். அதை விட்டுவிட்டால் ஆறே மாதத்தில் விளிம்புகளில் தோலாக உரியும்.

எட்டாம் படி: பெயிண்டுக்கு முன் மாட்டிப் பார்த்தல்

பார்சல் வந்ததும் பிரிக்கும்போதே படம் எடுத்துக்கொண்டு, பெயிண்டு அடிக்கக் கொடுக்கும் முன் வண்டியில் ஒருமுறை மாட்டிப் பார்க்க வேண்டும். பிரைமரைத் தேய்த்துவிட்ட பெட்டியை எந்தக் கடையும் திரும்ப எடுத்துக்கொள்ளாது. பழைய பெட்டியைக் கழற்றுவதற்குக் கருவி எதுவும் தேவையில்லை: மூடியைத் திறந்தால் உட்புறச் சுவரில் இரண்டு கம்பிப் பிடிகள் தெரியும், அவற்றைக் கால் சுற்றுத் திருப்பினால் பெட்டி விடுபடும். அடியில் அது ரப்பர் குமிழ்களின் மேல் உட்கார்ந்திருக்கும். புதுப் பெட்டிக்கு அந்த அடித்தாங்கிகள் அப்படியே பொருந்துமா, பெட்டியைச் சுற்றியிருக்கும் குரோம் காப்புக் கம்பிகளைக் கழற்ற வேண்டுமா, அப்படியானால் மாற்றுத் தாங்கி பார்சலிலேயே வருகிறதா என்பவற்றை வாங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

மாட்டியபின் வண்டியை நேராக நிமிர்த்தி, நேர் பின்னால் பத்தடி தள்ளி உட்கார்ந்து பாருங்கள். இரண்டு வால் நுனிகளும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கின்றனவா, மட்கார்டிலிருந்து ஒரே தூரத்தில் விலகியிருக்கின்றனவா என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கால் அங்குல வித்தியாசத்தை வாஷர் வைத்துச் சரிசெய்யலாம். அரை அங்குலத்தைத் தாண்டினால் திருப்பி அனுப்புவதே நல்லது. மூடியை மூடி, சுற்றிலும் ஒரு தாள் துண்டை வைத்து இழுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் தாள் தடையின்றி வெளியே வருகிறதோ அந்த இடத்தில் மழைநீர் உள்ளே போகும். பிறகு இருவர் பின்னால் உட்கார்ந்து வண்டியை அழுத்த, பெட்டியின் உட்புறம் ஷாக்கிலோ சைலன்சரிலோ எங்காவது தொடுகிறதா என்று விளக்கு வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பெயிண்டு முடிந்து இறுதியாக மாட்டி ஒரு நூறு மைல் ஓட்டியதும் எல்லாப் பிடிகளையும் தாங்கிகளின் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்க வேண்டும். வெட்டின் உள்விளிம்பில் சூட்டால் நிறம் மாறியிருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். ரசீதுகளையும் படங்களையும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அனுப்பி, கூடுதலாக மாட்டிய பாகங்களும் காப்பீட்டில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய கம்பெனிப் பெட்டிகளை உடனே விற்றுவிடாமல் துணி சுற்றி வைத்திருப்பது நல்லது. வண்டியை விற்கும் நாளில் வாங்க வருபவர் பெரும்பாலும் அவற்றைத்தான் கேட்பார், நீட்டிய ஜோடியைத் தனியாக விற்றால் அதற்கும் விலை கிடைக்கும்.